தறிக்குப் பக்கத்தில் ஓவியர் இருந்த காலம்

ஆண்டிபட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். 1984இல் எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் இருந்தபடியே வென்ற தொகுதி. 2002லும் 2006லும் ஜெயலலிதா நின்று வென்ற தொகுதி. தேனிப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் ஆண்டிபட்டிச் சேலை என்பார்கள். சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர் நூலில் நெய்கிற பருத்திச் சேலை. கோடைக்கு உடம்போடு ஒத்துப்போகும். துவைக்கத் துவைக்க மெதுவாகும்.

அப்படி ஒரு சேலையை விரித்து வைத்துக்கொண்டு விசாரித்துப் பாருங்கள். நூல் எந்த மில்லிலிருந்து வந்தது, சாயம் எந்தப் பட்டறையில் ஏறியது, பாவு ஓட்டியவர் யார், நெய்தவர் யார், மொத்தமாக எடுத்துப்போன வியாபாரி யார் என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தெருவிலேயே பதில் கிடைக்கும். இந்தக் கரையை வரைந்தவர் யார் என்று கேட்டால் மட்டும் யார் பெயரும் வராது. வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமாக இருக்கும். இல்லாவிட்டால் வேறு ஊர்ச் சேலையைப் பார்த்துச் சற்று மாற்றியதாகவோ, போன வருஷத்து டிசைன் அட்டையையே தறியில் மாட்டி நிறத்தை மட்டும் மாற்றியதாகவோ இருக்கும்.

இந்தக் கேள்விக்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்வதற்கான ஏற்பாடு ஒரு காலத்தில் இந்த நாட்டில் இருந்தது. ஓவியக் கல்லூரியில் படித்து வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தறிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்த ஏற்பாடு தேனியைச் சுற்றிய எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வரைக்கும் வந்து சேராமலே மெலிந்துபோனது என்பதுதான் என் ஆதங்கம்.

1956இல், கைத்தறிக்காக உழைத்த புபுல் ஜெயகரின் முயற்சியில் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கின. சென்னையும் பம்பாயும் அவற்றில் முதல் வரிசை. சுதந்திரம் வந்து பத்து ஆண்டுகூட ஆகாத நேரம். ஆலைத் துணியோடு போட்டியிட முடியாமல் கைத்தறி தவித்துக்கொண்டிருந்தது. அதற்கு மானியம் கொடுப்பது, கூட்டுறவுச் சங்கம் அமைப்பது, கடை திறப்பது என்பதெல்லாம் எந்த அரசுக்கும் தோன்றக்கூடியவை. கோ-ஆப்டெக்ஸ் 1935லேயே வந்துவிட்டது. ஓவியர்களை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று தோன்றியதுதான் அபூர்வம். மையத்தில் வரைகிற அறை ஒன்று, சாயம் சோதிக்கிற அறை ஒன்று, மாதிரி நெய்து பார்க்கச் சில தறிகள். ஓவியர் வரைவார், சாயக்காரர் நிறம் பிடித்துக் கொடுப்பார், நெசவாளர் நெய்து பார்த்து எது சரிவராது என்று சொல்வார். திருத்தி மறுபடி நெய்வார்கள். சரியாக வந்த மாதிரி ஊர்த் தறிகளுக்குப் போகும்.

இதில் ஒரு நியாயம் அடங்கியிருக்கிறது. புது டிசைன் என்பது பணம் தின்னும் வேலை. தறியை நிறுத்தி, பாவை மாற்றி, முதல் முழம் கெட்டு, இரண்டாவது முழம் கெட்டு, பிறகுதான் ஒன்று தேறும். கூலிக்கு நெய்கிறவரால் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாது. ஆகவே அவர் பழகியதையே நெய்வார். மையத்தின் மாதிரித் தறி அந்த நஷ்டத்தை அரசின் கணக்கில் எழுதியது.

யார் யார் அங்கே வேலை பார்த்தார்கள் என்று பார்த்தால் நவீன இந்திய ஓவியத்தின் ஒரு பகுதியே அங்கே இருந்திருக்கிறது. பம்பாயில் கே.ஜி. சுப்ரமணியன், வாராணசியில் பிரபாகர் பர்வே. சென்னையில் எம். ரெட்டெப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம். பின்னால் வீர சந்தானம், மதுரையில் பிறந்த ட்ராட்ஸ்கி மருது. ஆதிமூலத்தைத் தமிழ் வாசகர்கள் வேறு வழியில் அறிவார்கள். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் கறுப்பு வெள்ளையில் வரைந்த காந்திகளும், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஜூனியர் விகடனில் வரைந்த கோடுகளும் பலர் மனதில் இன்னும் இருக்கும். 1966இல் சென்னை ஓவியக் கல்லூரியில் படிப்பை முடித்த அந்த மனிதர் நெசவாளர் சேவை மையத்து ஊழியர் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. அவருடைய பிற்கால அரூப ஓவியங்களைப் பார்க்கும்போது, ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்கு அடியில் புகுந்து விளிம்பில் மட்டும் எட்டிப்பார்க்கிற விதத்தில், தறி அவர் கண்ணுக்குச் செய்து கொடுத்தது இருக்கிறது என்று நான் நம்புகிறேன். கோட்டுக்காகப் பெயர் வாங்கியவர் நிறத்துக்குள் இவ்வளவு தயக்கமில்லாமல் இறங்கியதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

துணி ஓவியருக்கு அப்படி என்னதான் கற்றுக்கொடுக்கும்?

காகிதத்தில் கோடு எந்தப் பக்கமும் போகலாம். தறியில் இரண்டே திசை: நீளத்தில் பாவு, குறுக்கே ஊடை. வளைவு வேண்டுமென்றால் படி படியாக ஏறித்தான் ஆக வேண்டும். படி சிறிதாகச் சிறிதாக அது கண்ணுக்கு வளைவாகத் தெரியும். அதனால்தான் கட்டத்தாள். தாளின் ஒவ்வொரு நெட்டு வரிசையும் ஜக்கார்டு பெட்டியில் ஒரு கொக்கி. ஒவ்வொரு குறுக்கு வரிசையும் ஓர் ஊடை, அதற்கு ஓர் அட்டை. நிறம் அடித்த கட்டத்துக்கு நேராக அட்டையில் துளை போடுவார்கள். துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே ஏறும், அதோடு கட்டிய பாவு இழை எழும்பும், அடியில் ஊடை நூலோடு நாடா ஓடும். இருநூறு ஊடையில் முடிகிற ஒரு பூவுக்கு இருநூறு அட்டை. ஒரே ஒரு துளை தப்பினால் அந்தத் தப்பு பூவுக்குப் பூ சேலை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

பிறகு கணக்கு. அங்குலத்துக்கு 80 பாவு இழையும் 60 ஊடையும் விழுகிற துணிக்கு, சதுரக் கட்டத்தாளில் அழகான வட்டம் ஒன்று வரைந்து கொடுத்தால், நெய்து இறக்கும்போது அது முட்டையாக நீண்டிருக்கும். அகலத்துக்கு 80 கட்டம், உயரத்துக்கு 60 கட்டம் என்று கோணலாக வரைந்தால்தான் துணியில் வட்டம் வட்டமாக வரும். அதாவது தாளில் தப்பாகத் தெரிவதைத் தைரியமாக வரைய வேண்டும். நூலின் நம்பர் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். பூ பெரிதாக இருக்கட்டும் என்று ஓர் இழையைப் பின்னாமல் நீளமாக விட்டால், கட்டுகிற பெண்ணின் வளையலிலோ மெட்டியிலோ மாட்டி இழுபடும். இடையிடையே கட்டிப்போட வேண்டும், கட்டிய புள்ளி பூவின் அழகைக் கெடுக்கவும் கூடாது. நிறமோ தனிப் பாடம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் இரண்டும் இல்லாத மயில்கழுத்து பிறக்கும். தூரிகையில் நீலத்தையும் பச்சையையும் குழைத்தால் அது வராது. துணி அசைந்தால்தான் தெரிகிற நிறம் அது.

இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் முப்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்த ஒருவர் படத்தைப் பார்த்தவுடனே “இந்த இடத்துல இழை தொங்கும் தம்பி” என்று விரல் வைத்துச் சொல்லி, வரைந்தவர் உடனே போய்த் திருத்துகிறாரே, அந்தப் படிப்பு வேறு. திருத்தத்தில்தான் டிசைன் பிறக்கிறது. நெசவாளருக்கும் அதில் லாபம் உண்டு. தான் கை வைத்த இடத்தில் படம் மாறுவதைப் பார்த்தவர், அடுத்த முறை தானே ஒரு யோசனை சொல்வார்.

இந்தப் படிப்பைக் கல்லூரிக்குள் கொண்டுபோனவர் என்று நான் முதலில் சொல்வது கே.ஜி. சுப்ரமணியனை. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். 1924இல் கேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர் விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். அதன்பின் அரசுக் கல்லூரிக் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. 1944இல் சாந்திநிகேதன் போனார். 1951இல் பரோடா நுண்கலைத் துறையில் ஆசிரியர். அந்த வேலையை விட்டுவிட்டு 1959இல் பம்பாயில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் டிசைன் பிரிவுக்குத் துணை இயக்குநராகப் போனார். பெயர் எடுத்துக்கொண்டிருந்த ஓவியர் ஒருவர் சேலைக் கரையும் படுக்கை விரிப்பும் வரையப் போவது இறக்கமாகத் தெரியக்கூடிய காலம். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து பரோடாவுக்குத் திரும்பியபோது தறியையும் கூடவே கொண்டுவந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பரோடாவில் 1960களில் நுண்கலைத் துறையின் திருவிழா தொடங்கியது. ஆசிரியர்களும் மாணவர்களும் பொம்மை, மண்பாண்டம், துணி, அச்சுப்படம் என்று தங்கள் கையால் செய்து மக்களுக்கு விற்றார்கள். அதற்கு உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சுப்ரமணியன். தோலும் மரமும் மணியும் சேர்த்து அவர் செய்த பொம்மைகள் இன்றும் பேசப்படுகின்றன. நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்காகக் கயிற்றாலும் நாராலும் உருவங்கள் செய்தார். லக்னோ ரவீந்திராலயத்தில் 1963இல் அவர் செய்த சுடுமண் சுவரில் சின்னச் சின்ன ஓடுகள் அலகு அலகாகச் சேர்ந்து பெரிய படமாகின்றன. ஜக்கார்டு அட்டையின் தர்க்கம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றும். 1968 முதல் 1974 வரை துறைத் தலைவர். 1980இல் சாந்திநிகேதனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 2016இல் மறைந்தார்.

அவரிடம் சுவரோவியம் படித்த மாணவி ஒருவர்தான் துணிக்கலையை உலக அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுபோனார். மிருணாளினி முகர்ஜி, 1949இல் பிறந்தவர். படிப்பின்போதே இயற்கை நாரைக் கையில் எடுத்தார். சணல் வகைக் கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, தறியும் இல்லாமல் ஊசியும் இல்லாமல், முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்கு எழுப்பினார். மடிப்பும் இதழும் உடம்புமாக நிற்கும் அந்த உருவங்களுக்கு வனஸ்ரீ, ருத்ரா, தேவி என்று பெயர். 1994இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்காட்சி. 2015 ஜனவரி கடைசியில் டெல்லி தேசிய நவீன கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் வேலைகளைக் காட்சிக்கு வைத்தது; அது திறந்த சில நாட்களில் அவர் இறந்துபோனார். 2019இல் நியூயார்க் மெட் அருங்காட்சியகம், 2022இல் வெனிஸ் கண்காட்சி. கயிறு முடைவது கைத்தொழில், கல் செதுக்குவது கலை என்று பிரித்து வைத்திருந்த வகுப்பறையில் இவர் உருவாகியிருக்க முடியாது. ஆசிரியர் கைத்தறி வாரியத்தில் கழித்த ஆண்டுகளுக்கும் மாணவியின் முடிச்சுகளுக்கும் உள்ள தொடர்பை நான் பெரிதாக நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான கதை இல்லாமல் இல்லை. சென்னை ஓவியக் கல்லூரியின் வேரே கைத்தொழிலில்தான் இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி, அரசின் கைக்கு வந்து தொழிற்கலைப் பள்ளி என்று பெயர் பெற்றது. 1884இல் பொறுப்பேற்ற இ.பி. ஹேவல் தென்னாட்டுக் கைத்தொழில்களைத் தேடிப் பார்த்தார். பின்னாளில் கல்கத்தாவுக்கு மாறிய பிறகு, கயிறு இழுத்து நாடாவை ஓட்டுகிற தறி நெசவாளர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வாதாடினார். கலாசாலைத் தலைவர் ஒருவர் நாடாவின் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட்ட காலம் அது. ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ராவிலும் நாட்டியத்தோடு கூடவே தறிக்கூடம் இருந்தது. 1957இல் ஓவியக் கல்லூரி முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அப்படி வந்த பணம் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக்கிராமமாக எழுந்தது. நவீனத் தமிழ் ஓவியத்தின் மிகப் பெரிய முகவரி துணி விற்ற காசில் வாங்கிய மண்ணில் நிற்கிறது. கலை வரலாறு பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி இன்றைக்கு வருவோம். எங்கள் தெருக்களிலிருந்தே தொடங்கலாம்.

அன்று குழித்தறி. வீட்டுக்குள் மண்தரையில் குழி. அதில் காலை இறக்கி மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிப்பார்கள். விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் நீவி எடுப்பார்கள். பெண்கள் ராட்டையில் ஊடை நூலைத் தார் சுற்றுவார்கள், பிள்ளைகள் அறுந்த இழையைப் பிடித்துக் கொடுப்பார்கள். ஒரு சேலைக்குக் குடும்பம் முழுக்க உழைத்தது. கூலி ஒருவர் பெயரில்தான் வந்தது. இன்று பெரும்பாலும் விசைத்தறி. ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். கைத்தறியில் ஒரு நாள் பிடித்த வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கூலி ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் தறிகள் நிற்கின்றன, பேச்சுவார்த்தை நடக்கிறது, மறுபடி ஓடுகின்றன. 2023இல் தமிழ்நாடு அரசு விசைத்தறிக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1000 ஆகவும், கைத்தறிக்கு 200இலிருந்து 300 ஆகவும் உயர்த்தியது. குழிக்குள் கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகளிடம் போய்ப் பழைய காலம்தான் நல்ல காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மோட்டார் அவர்கள் முதுகைக் காப்பாற்றியிருக்கிறது.

நாட்டளவில் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களுமாக 43 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். 2019-20இல் 35 லட்சம். 2015 ஆகஸ்ட் 7 அன்று முதலாவது தேசியக் கைத்தறி நாளைச் சென்னையில்தான் தொடங்கி வைத்தார்கள். ஐந்தே ஆண்டுகளில், 2020 ஜூலையில், சுப்ரமணியன் வேலை பார்த்த அந்த அகில இந்தியக் கைத்தறி வாரியமே கலைக்கப்பட்டது. நெசவாளர் சேவை மையங்கள் இன்றும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை, காஞ்சிபுரம், சேலம். மூன்றும் ஆண்டிபட்டிக்குத் தொலைவு.

கல்லூரிப் பக்கம் என்ன ஆயிற்று? சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஜவுளி டிசைன் இன்றும் ஒரு பட்டப்படிப்பு. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. 2013இல் வந்த இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இவை இயங்குகின்றன. தறித் தொழில்நுட்பம் படிக்கச் சேலத்தில் 1960இல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்பப் பயிலகம். பேஷன் படிக்கத் தரமணியில் நிஃப்ட், இந்தப் பக்கம் காந்திகிராமத்திலும் படிப்பு உண்டு. கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் பேஷன் வகுப்பு நடத்துகின்றன. படிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் வரைவது சென்னையில், தறிநுட்பம் சேலத்தில், நெய்வது ஆண்டிபட்டியில் என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

கருவிகளும் மாறிவிட்டன. கட்டத்தாளில் நாட்கணக்கில் நிறம் அடித்தது போய், கணினியில் மென்பொருளே படத்தைக் கட்டமாக்கிக் கொடுத்துவிடுகிறது. எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு அட்டையே தேவையில்லை, கோப்பை ஏற்றினால் போதும். தப்பைத் துடைப்பது எளிது. நிறத்தை நூறு விதமாக மாற்றித் திரையில் பார்க்கலாம். நான் இதை வரவேற்கிறேன். கண் கெடக் கெடக் கட்டம் நிரப்பிய தலைமுறை இதை ஒரு விடுதலையாகத்தான் பார்த்திருக்கும். ஆனால் திரையில் தெரியும் மயில்கழுத்து வெறும் நிறக்கலவை. அது அசையாது. திரையில் இழை தொங்குவதும் தெரியாது. மென்பொருள் எச்சரிக்கலாம், ஏன் என்று சொல்லாது. இன்னொரு கஷ்டமும் உண்டு. அட்டைக் கட்டு ஒரு பெட்டியோடு ஒரு வீட்டில் கிடந்தது. கோப்போ காலையில் விற்றால் மாலைக்குள் வேறு ஊர்த் தறியில் ஓடுகிறது. அதனால்தான் வரைந்தவர் பெயர் இல்லாமல் போகிறது. பெயர் இல்லாத வேலைக்குக் கூலியும் இருப்பதில்லை. கூலி இல்லாத வேலையைக் கற்றுக்கொள்ள எந்த வீட்டிலும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் வரையத் தெரிந்த பிள்ளைகள் இல்லாமல் இல்லை. பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவும், அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜாவும், வடுகபட்டியிலிருந்து வைரமுத்துவும் போன பாதை எல்லோருக்கும் மனப்பாடம். பாட்டு என்றால், சினிமா என்றால், சென்னைக்குப் போகலாம் என்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். வரைகிற பிள்ளைக்கு அப்படி ஒரு பாதை காட்ட ஆள் இல்லை. முன்பு சுவர் விளம்பரமும் கடைப் பலகையும் எழுதினார்கள். இன்று ஃபிளெக்ஸ் கடையில் கணினி முன் உட்கார்ந்து காதணி விழாவுக்கும் கட்சித் தலைவர் பிறந்தநாளுக்கும் முகங்களை வெட்டி ஒட்டுகிறார்கள். அதே மென்பொருள், அதே விரல் வேகம். பக்கத்துத் தெருவில் தறி ஓடுகிறது. அந்தக் கடைக்கும் அந்தத் தறிக்கும் நடுவில் ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் அந்த வழியே போக முடிவதில்லை.

மூலப்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருசநாட்டு மலையடிவாரத்தில், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கம் இலவ மரங்கள் அதிகம்; போடி அந்தப் பஞ்சுக்குச் சந்தை. இலவம் பஞ்சின் இழை குட்டையானது, வழவழப்பானது, எளிதில் ஒடியும். ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளாது என்பதால் தனியாக நூற்க முடியாது. ஆகவே மெத்தைக்கும் தலையணைக்கும் போகிறது. இலவு காத்த கிளியைப் பழமொழியில் ஏமாளியாக்கி வைத்திருக்கிறோம். நாரை மட்டுமே வைத்துக்கொண்டு ஒருத்தி வெனிஸ் வரை போயிருக்கிற காலத்தில், நூற்க முடியாத பஞ்சை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு துணிக்கலை மாணவி எங்கள் மலையடிவாரத்தில் உட்கார்ந்து யோசிப்பதை நான் ஆசையோடு நினைத்துப் பார்க்கிறேன். நீரில் ஊறாத, மிதக்கிற பஞ்சு அது. அடைக்கலாம், தைத்துப் பிடிக்கலாம், பருத்தியோடு கலந்து பார்க்கலாம். நாங்கள் மெத்தைக்கு அப்பால் யோசித்ததில்லை.

தூரம் ஒரு சாக்காக இருந்தது உண்மை. 1928இல் வந்த மதுரை–போடி ரயில் 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நின்றது. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மீண்டும் வந்தது. இப்போது சென்னையிலிருந்தே நேரடி வண்டி ஆண்டிபட்டி வழியாகப் போகிறது. ஜவுளி டிசைன் மாணவர்கள் இரவில் ஏறினால் காலையில் இங்கே இறங்கலாம்.

அவர்கள் வர வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. ஒரு நாள் சுற்றுலாவாக வந்து, தறியோடு படம் எடுத்துக்கொண்டு போவதைச் சொல்லவில்லை. அது ஏற்கெனவே எல்லா நெசவு ஊர்களிலும் நடக்கிறது. ஒரு பருவம் முழுக்கச் சக்கம்பட்டியில் தங்கட்டும். வரைந்த படத்தை நெசவாளர் முன் வைக்கட்டும், அவர் தள்ளுபடி செய்யட்டும், மறுபடி வரையட்டும். கடைசியில் ஐந்தரை மீட்டர் சேலை ஒன்று தறியிலிருந்து இறங்கட்டும். கைத்தறியோ விசைத்தறியோ, எதில் நெய்தாலும் சரி. தேர்வு மதிப்பெண்ணில் பாதியை நெய்தவர் போடட்டும். அதே பருவத்தில் உள்ளூர்ப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மாணவர்கள் கட்டத்தாள் வகுப்பு எடுக்கட்டும். சுப்ரமணியனும் ஆதிமூலமும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையைத்தான் மாணவர்கள் படிப்பாகச் செய்யச் சொல்கிறேன்.

இதற்கு முதல் தடை காசுதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சேலைக் கணக்கில் கூலி வாங்குகிறவரின் தறியை மாணவரின் படத்துக்காக நிறுத்தினால் அன்றைக்கு அவர் வீட்டுக்கு வரும்படி இல்லை. புதுப் பாவு பூட்டி இரண்டு நாள், கெட்டுப்போகும் முதல் சில முழங்களுக்கு ஒரு நாள் என்று மூன்று நாளாவது போகும். அந்த மூன்று நாள் கூலியையும் வீணாகும் நூலின் விலையையும் கல்லூரி தன் வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதி, தறி நிற்பதற்கு முந்தின நாள் நெசவாளர் கையில் கொடுத்துவிட வேண்டும்.